குட்டி உறுப்பை எந்தச் செல்லிலிருந்து வளர்ப்பது?

மனித நோயொன்றை ஆய்வகத்தில் ஆராயத் தொடங்கும் குழு, எந்த மருந்தைச் சோதிப்பது என்று யோசிப்பதற்கு முன்பே எதன்மீது சோதிப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அதிலிருந்து விலகுவது கடினம். வாங்கும் கருவிகள், பழகும் கைவேலை, சேமித்து வைக்கும் செல்கள், கேட்க முடிகிற கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான் அமையும். ஒரு காலத்தில் இதற்கு இரண்டே விடைகள் இருந்தன: பிளாஸ்டிக் தட்டில் ஒற்றை அடுக்காகப் படரும் செல்வரிசை, அல்லது சுண்டெலி. இப்போது மூன்றாவதாக ஆர்கனாய்டு வந்திருக்கிறது. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும், ஓர் உறுப்பின் அமைப்பையும் வேலையையும் ஓரளவு தன்னுள் கொண்ட, பெரும்பாலும் கடுகளவோ அதற்கும் சிறிதாகவோ இருக்கும் திசு உருண்டை அது.

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு பொருள்கள் அடங்கியிருப்பதுதான் தேர்வைச் சிக்கலாக்குகிறது. ஒன்று, வளர்ந்த மனிதரின் உறுப்பிலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்து, அதில் ஏற்கெனவே இருக்கும் குருத்தணுக்களை வளர்ப்பது. மற்றொன்று, ஒருவரின் தோல் செல்லையோ ரத்தச் செல்லையோ முதலில் கருநிலைக்குத் திருப்பி, அங்கிருந்து விரும்பிய உறுப்பை நோக்கி நடத்திச் செல்வது. முதலாவதைத் திசுவழி ஆர்கனாய்டு என்றும், இரண்டாவதை ஐபிஎஸ் வழி ஆர்கனாய்டு என்றும் இங்கே அழைக்கிறேன். இரண்டும் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒரே மாதிரித் தோன்றலாம். ஆனால் வயது வேறு, நினைவு வேறு, எடுத்துக்கொள்ளும் காலம் வேறு, நம்பிக்கையோடு சொல்லக்கூடிய விடைகளும் வேறு. இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் தொடங்கி, ஓராண்டு கழித்துத் திரும்பி வரும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒப்பீட்டின் பெரும்பகுதியை இவ்விரண்டுக்குமே ஒதுக்குகிறேன்.

பழைய இரு வழிகள்

செல்வரிசையைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 1951-இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கருப்பை வாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவருடைய ஒப்புதல் இல்லாமலேயே எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. அவை ஒரு நாளில் இரட்டிக்கின்றன, செலவு குறைவு, ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை ஒரே வாரத்தில் சலித்துப் பார்க்க உதவுகின்றன. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தட்டிலேயே வாழ்ந்த செல், தட்டில் வாழ்வதற்கான செல்லாகவே மாறிப்போயிருக்கிறது. முதல் சல்லடையாக அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு நோயாளியின் உடலில் என்ன நடக்கும் என்பதற்கு அதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது.

சுண்டெலியின் இடம் வேறு. வாய்வழி உட்கொண்ட மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகத்தால் வெளியேறும் வரையிலான முழுப் பயணத்தை ஓர் உயிருள்ள உடலில் மட்டுமே பின்தொடர முடியும். நோயெதிர்ப்பு, சுரப்பி, நரம்பு, நடத்தை எல்லாம் ஒன்றோடொன்று பேசுவதும் அங்கேதான். அதே வேளையில் எலியின் உடல் மனித உடலன்று என்பதற்கு 1993-ஆம் ஆண்டின் ஃபியாலுரிடின் சோதனையைவிடக் கசப்பான சான்று தேவையில்லை. ஹெபடைடிஸ் பி நோய்க்கான அந்த மருந்து, விலங்குச் சோதனைகளில் கல்லீரலுக்குக் கேடு தருவதாகத் தெரியவில்லை. மனிதச் சோதனையில் பங்கேற்ற 15 பேரில் 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. 5 பேர் இறந்தனர். 2 பேர் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையால் பிழைத்தனர். அம்மருந்தை மைட்டோகாண்டிரியாவுக்குள் ஏற்றிச் செல்லும் கடத்திப் புரதம் மனித மைட்டோகாண்டிரியாவில் உண்டு, எலியின் மைட்டோகாண்டிரியாவில் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. ஒரே ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்ற சிறு வேறுபாடு அது. மனிதச் செல்லாலான மாதிரி வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னால் இத்தகைய நிகழ்வுகள் இருக்கின்றன. ஆர்கனாய்டை ஒரு நாகரிக மோகமாகக் கருதுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

திசுவழி ஆர்கனாய்டு: வளர்ந்தவரின் உறுப்பிலிருந்து

செல்களுக்குத் தம்மைத் தாமே அடுக்கிக்கொள்ளத் தெரியும் என்பது பழைய செய்தி. 1907-இல் எச். வி. வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய சல்லடைத் துணியில் பிழிந்து தனித்தனிச் செல்களாகச் சிதறடித்தார். அவை மீண்டும் ஒன்றுகூடிக் கடற்பஞ்சாகவே உருப்பெற்றன. மனித உறுப்புகளின் செல்களிடமும் அதே திறன் இருக்கிறது. அதை வெளிக்கொணரும் சூழலைக் கண்டுபிடிக்கத்தான் நூறு ஆண்டுகள் ஆயின. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள ஹூப்ரெக்ட் நிறுவனத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழு, குடற்சுவரின் பள்ளங்களில் குருத்தணுக்களை அடையாளம் காட்டும் எல்ஜிஆர்5 என்ற குறியை 2007-இல் கண்டறிந்தது. 2009-இல் அக்குழுவின் டோஷிரோ சாட்டோ அத்தகைய ஒரே ஒரு சுண்டெலிச் செல்லை எடுத்து, மேட்ரிஜெல் என்ற கூழில் பதித்து, இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் என்ற மூன்று புரதங்களைக் கொடுத்து வளர்த்தபோது, பள்ளமும் மேடுமாகக் குடற்சுவரின் அமைப்பே தட்டில் உருவானது. மனிதக் குடலுக்கு இதே முறை 2011-இல் வசப்பட்டது. அதற்கு இன்னும் சில காரணிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த வேலையை அருகிலிருந்து பார்க்காதவர்களுக்காக ஒரு காட்சி. மேட்ரிஜெல் குளிரில் திரவமாக இருக்கும். உடல் வெப்பத்தில் இறுகிவிடும். ஆகவே பிப்பெட் முனைகளைக்கூட முன்கூட்டியே குளிர்வித்து வைத்து, பனிக்கட்டியின் மேல் வைத்த குழாயில் குடற்பள்ளங்களைக் கூழோடு கலந்து, முன்பே சூடாக்கிய தட்டின் ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஐம்பது மைக்ரோலிட்டர் அளவில் ஒரு துளியை இறக்க வேண்டும். துளி சிறு குவிமாடம்போல நிற்கும். உடனே தட்டைத் தலைகீழாகத் திருப்பி 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இறுகுவதற்குள் செல்கள் அடியில் தங்கிவிடும், முப்பரிமாணத்துக்குப் பதிலாகத் தரையில் படரத் தொடங்கிவிடும். கால் மணி நேரம் கழித்து வளர்ப்புத் திரவத்தை ஊற்றலாம். மறுநாள் காலையில் அந்தத் துணுக்குகள் வாய் மூடி, சின்னஞ்சிறு குமிழ்களாக மாறியிருக்கும். ஒரு வாரத்தில் அவற்றிலிருந்து மொட்டுகள் விடும். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் உயிரியலில் அன்று, அந்தப் பனிக்கட்டியில்தான்.

இந்த வழியின் மிகப் பெரிய பலம், கொடையாளரின் வயதும் உறுப்பின் இருப்பிட நினைவும் செல்லோடு கூடவே வருகின்றன என்பது. சிறுகுடலின் ஒரு பகுதியிலிருந்து வந்த ஆர்கனாய்டு பல மாதங்கள் தட்டில் வளர்ந்த பிறகும் அந்தப் பகுதிக்குரிய மரபணுச் செயற்பாட்டையே காட்டுகிறது. டிஎன்ஏவின் மீது ஒட்டியிருந்து மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தில் குறிகளும் பெருமளவு நிலைக்கின்றன. நடு வயதில் தொடங்கும் குடல் அழற்சியை ஆராய்பவருக்கு இது மதிப்பிட முடியாத வசதி.

அடுத்த பலம் வேகம். நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பிறவி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸில் சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயிற்புரதம் பழுதாகியிருக்கும். ஆரோக்கியமானவரின் குடல் ஆர்கனாய்டுக்கு ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைக் கொடுத்தால் அந்த வாயில் திறந்து, குளோரைடும் அதைத் தொடர்ந்து நீரும் உட்புகுந்து, ஒரு மணி நேரத்துக்குள் உருண்டை கண்ணெதிரே பலூனாக வீங்கும். நோயாளியின் ஆர்கனாய்டு வீங்காமல் அப்படியே இருக்கும், அல்லது சற்றே வீங்கும். அதற்குத் தகுந்த மருந்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் ஃபோர்ஸ்கோலினைச் சேர்த்தால், மருந்து பலிக்கும் நோயாளியின் உருண்டை மெல்ல விரியத் தொடங்கும். 2013-இல் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்தச் சோதனையின் அருமை, அந்நோய்க்குக் காரணமான மரபணுவில் 2,000-க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் பதிவாகியிருப்பதை நினைத்தால் புரியும். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடமே காணப்படும் வேறுபாட்டுக்கு யார் ஒரு பெரிய மருத்துவச் சோதனையை நடத்துவார்? மலக்குடலிலிருந்து வலியில்லாமல் எடுக்கும் ஒரு துணுக்கு அந்த நோயாளிக்காகப் பேசுகிறது. ஆர்கனாய்டு துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுவே; அளவிட வேண்டியது வெறும் பரப்பளவு, நோயின் மூலக்காரணத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு, விடை ஓரிரு வாரங்களில்.

புற்றுநோயில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வொன்று, பரவிய இரைப்பை-குடல் புற்றுக்கட்டிகளின் ஆர்கனாய்டுகளையும் அதே நோயாளிகளுக்குச் சிகிச்சையில் கிடைத்த பலனையும் ஒப்பிட்டது. மருந்து பலன் தராது என்று ஆர்கனாய்டு காட்டிய எல்லா நேர்வுகளிலும் அது பலன் தரவில்லை. பலன் தரும் என்று காட்டியவற்றில் 88 சதவீதம் சரியாயின. ஒப்பிடப்பட்ட நேர்வுகள் சிலவே என்பதால் இந்த எண்களை அப்படியே எல்லாக் கட்டிகளுக்கும் நீட்டிப்பது தவறு. ஆனால் பலிக்காத கீமோதெரபியிலிருந்து ஒருவரைக் காப்பது, பலிக்கும் மருந்தைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறைந்த உதவியன்று. ஓர் எச்சரிக்கையும் உண்டு: கட்டித் துணுக்கில் ஒட்டிவந்த ஆரோக்கியமான செல்கள் சில உறுப்புகளில் புற்றுச் செல்களைவிட வேகமாக வளர்ந்து தட்டைக் கைப்பற்றிவிடும். பெருங்குடல் கட்டிகளில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. செல்களைப் பெருகத் தூண்டும் டபிள்யூஎன்டி, ஆர்-ஸ்பாண்டின் ஆகிய புரதங்களைத் திரவத்திலிருந்து நீக்கினால், அவற்றை நம்பியிருக்கும் இயல்பான செல்கள் மடியும். ஏபிசி மரபணு பழுதான புற்றுச் செல்களுக்கு அவை தேவையில்லை என்பதால் தழைக்கும். நுரையீரல் கட்டிகளில் அத்தகைய எளிய வடிகட்டி இல்லை. மரபணுப் பரிசோதனை செய்யாமல் “இது புற்று ஆர்கனாய்டு” என்று அங்கே சொல்லக்கூடாது.

குறைகளுக்கு வருவோம். திசுவழி ஆர்கனாய்டு பெரும்பாலும் எபிதீலியம் என்ற உட்புறப் படலத் திசு மட்டுமே. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, தசை இல்லை, நோயெதிர்ப்புச் செல் இல்லை. வளர்ந்தவரின் மூளையிலிருந்தும் இதயத்திலிருந்தும் இப்படி வளர்க்க இயலாது. இன்னொரு குறை திட்டமிடும்போது பலர் கண்ணில் படுவதில்லை: உருண்டையின் உட்புறம்தான் உண்மையான குடலில் உணவைச் சந்திக்கும் பக்கம். வளர்ப்புத் திரவத்தில் கலந்த மருந்து முதலில் தொடுவது அதன் வெளிப்புறத்தை, அதாவது உடலில் ரத்தம் இருக்க வேண்டிய பக்கத்தை. விழுங்கிய மருந்து எப்படி உறிஞ்சப்படுகிறது, ஒரு கிருமி குடலுக்குள்ளிருந்து எப்படிப் புகுகிறது என்பன உங்கள் கேள்விகளானால், உருண்டைக்குள் நுண்ணூசியால் செலுத்த வேண்டும். அல்லது உடைத்துத் துளையுள்ள படலத்தின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். அல்லது கூழை நீக்கி உட்புறம் வெளியே வருமாறு திருப்ப வேண்டும். மூன்றும் நடைமுறையில் உள்ளவையே, ஆனால் மூன்றும் தனித்தனிக் கைத்திறன்கள். இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐபிஎஸ் வழி ஆர்கனாய்டு: கருநிலையிலிருந்து மீண்டும்

2006-இல் ஷின்யா யமனாகா, நான்கு மரபணுக்களைச் சேர்த்துச் சுண்டெலியின் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்ப முடியும் என்று காட்டினார். 2007-இல் மனிதச் செல்லிலும் அது நடந்தது. 2012-இல் நோபல் பரிசு வந்தது. இப்படி உருவாகும் ஐபிஎஸ் செல்லிலிருந்து உடலின் எந்தச் செல்லையும் பெறலாம் என்பதால், துணுக்கு எடுக்க இயலாத உறுப்புகளுக்கு இதுவே பொதுவாகக் கைக்கெட்டும் வழி. யோஷிகி சசாயின் குழு 2011-இல் சுண்டெலியின் கருக் குருத்தணுக்களிலிருந்து கண்ணின் தொடக்க வடிவமான விழிக்கிண்ணம் தானாகக் குழிந்து உருவாவதைக் காட்டியது. 2013-இல் வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் மனித மூளை ஆர்கனாய்டை வளர்த்தனர். ஒரு மரபணுப் பழுதால் பிறவியிலேயே தலை சிறுத்திருந்த ஒரு நோயாளியின் செல்களிலிருந்து வளர்ந்த ஆர்கனாய்டும் சிறுத்தே இருந்தது, நரம்பு முன்னோடிச் செல்கள் பெருகுவதற்கு முன்பே நியூரான்களாக முதிர்ந்துவிட்டதால். அதே மரபணுவைப் பழுதாக்கிய எலியில் அந்தக் குறைபாடு அவ்வளவு தீவிரமாக வெளிப்படவில்லை. 2016-இல் ஜிகா வைரஸ் உலகை அச்சுறுத்தியபோது, அது மூளையின் முன்னோடிச் செல்களைத் தாக்கி அழிப்பதைச் சில மாதங்களுக்குள் காட்டியவற்றுள் இவ்வகை ஆர்கனாய்டுகள் முக்கியமானவை. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை வேறெந்த வழியிலும் அவ்வளவு விரைவாக ஆராய்ந்திருக்க முடியாது.

இதன் பலம் எதுவோ அதுவே இதன் எல்லையும். செல்லைக் கருநிலைக்குத் திருப்பும்போது அதன் வயதையும் நாம் அழித்துவிடுகிறோம். எழுபது வயது நோயாளியின் தோலிலிருந்து தொடங்கினாலும் கிடைப்பது சிசுவின் திசு. மூளை ஆர்கனாய்டுகள் பெரும்பாலும் கர்ப்பத்தின் முற்பாதி மூளையை ஒத்திருக்கின்றன. ஒன்பது மாதங்களுக்கு மேல் தட்டில் வளர்த்தால் பிறப்புக்குப் பிந்தைய சில அடையாளங்கள் தோன்றுவதாக 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனித மூளை தன் கடிகாரத்தைத் தட்டிலும் விட்டுக்கொடுப்பதில்லை. முதுமையில் தொடங்கும் மறதி நோய்க்கு இந்த வழியைத் தேர்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மரபணுவின் பங்கை அவர்களால் காண முடியும்; எழுபது ஆண்டு வாழ்க்கையின் பங்கைக் காண முடியாது.

அளவும் ஒரு தடை. மூளை ஆர்கனாய்டு சுமார் நான்கு மில்லிமீட்டர் வரை வளரும். ரத்த ஓட்டம் இல்லாத திசுவில் ஆக்சிஜன் சில நூறு மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மேல் ஊடுருவாது. எனவே உருண்டை பெரிதாக ஆக நடுப்பகுதி மடிகிறது. சுழலும் கலனில் வளர்ப்பது, மெல்லிய சீவல்களாக வெட்டி வளர்ப்பது, ரத்தக் குழாய்ச் செல்களைச் சேர்ப்பது எனப் பல உத்திகள் உள்ளன. 2013-இல் டகனோரி டகேபே யோகோஹாமாவில் கல்லீரல் முன்னோடிச் செல்களோடு ரத்தக் குழாய்ச் செல்களையும் இணைப்புத் திசுச் செல்களையும் கலந்து ‘கல்லீரல் மொட்டு’ உருவாக்கி எலியில் பதித்தபோது, இரண்டே நாளில் அதன் குழாய்கள் எலியின் ரத்த ஓட்டத்தோடு இணைந்தன. 2022-இல் ஸ்டான்ஃபோர்டின் செர்ஜியு பாஷ்கா குழு மனித மூளை ஆர்கனாய்டைப் பிறந்து சில நாளான எலிகளின் மூளையில் பதித்தது. அங்கே மனித நியூரான்கள் தட்டில் ஒருபோதும் அடையாத அளவுக்குப் பெரிதாக வளர்ந்தன. இதைப் பெரிய முன்னேற்றமாகவே மதிக்கிறேன். ஆனால் விலங்கைத் தவிர்க்கவே ஆர்கனாய்டைத் தேர்ந்த குழுவுக்கு இது விடையாகாது.

கலப்படமும் கவனிக்கத்தக்கது. 2015-இல் மெலிசா லிட்டிலின் குழு வளர்த்த சிறுநீரக ஆர்கனாய்டில், ரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளான நெஃப்ரான்களின் பல பகுதிகள் ஒருங்கே உருவாயின. அது வியப்பூட்டும் சாதனை. ஆயினும் சிறுநீரக ஆர்கனாய்டுகளைச் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் நரம்புச் செல்களும் தசைச் செல்களும்கூட அகப்பட்டன. கருநிலைச் செல்லுக்கு எல்லாப் பாதைகளும் திறந்திருக்கின்றன. நாம் காட்டிய பாதையில் எல்லாச் செல்லும் நடப்பதில்லை. போதாக்குறைக்கு, நீண்டகாலம் வளர்க்கப்படும் ஐபிஎஸ் செல்களில் இருபதாம் குரோமோசோமின் ஒரு துண்டு இரட்டித்துப் பிழைக்கும் திறனைக் கூட்டிக்கொள்வது அடிக்கடி காணப்படும் மாற்றம். அவ்வப்போது குரோமோசோம்களைச் சோதிக்காத ஆய்வகம் எதை வளர்க்கிறது என்று அதற்கே தெரியாது.

இவற்றையெல்லாம் மீறி இந்த வழியைத் தேர வைக்கும் இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பரைக் கொண்டு நோயாளியின் ஐபிஎஸ் செல்லில் பழுதான ஒற்றை எழுத்தை மட்டும் திருத்தி, மற்ற எல்லாவற்றிலும் அச்சாக ஒத்த ஓர் இணையை உருவாக்கலாம். நோயாளியையும் அவருக்குத் தொடர்பில்லாத ஆரோக்கியமானவரையும் ஒப்பிடும்போது வரும் குழப்பம் அதில் இல்லை. திசுவழி ஆர்கனாய்டிலும் இதைச் செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆனால் ஐபிஎஸ் செல்லில் ஒருமுறை திருத்தினால், அதே இணையிலிருந்து மூளை, இதயம், சிறுநீரகம் என எதையும் வளர்க்கலாம். இரண்டாவது, ஐபிஎஸ் வழிக் குடல் ஆர்கனாய்டில் எபிதீலியத்தைச் சுற்றி இணைப்புத் திசுவும் தானாகவே உருவாகிறது. 2011-இல் ஜேசன் ஸ்பென்ஸும் ஜேம்ஸ் வெல்ஸும் சின்சினாட்டியில் முதன்முதலில் இதைச் செய்தபோதே அது தெரிந்தது. திசுவழியில் கிடைக்காத அண்டைச் செல்கள் இங்கே இலவசமாக வருகின்றன.

எண்ணிக்கை, கூழ், காலம்

இரண்டு வழிகளுக்கும் பொதுவான, முடிவைப் பாதிக்கும் சில நடைமுறைச் செய்திகள் உண்டு. அவற்றில் முதன்மையானது எண்ணிக்கை. ஒரு நோயாளியிடமிருந்து வளர்ந்த நூறு ஆர்கனாய்டுகள் நூறு சான்றுகள் ஆகமாட்டா. புள்ளியியல் கணக்கில் அவை ஒரே ஒரு நோயாளி. நூறு உருண்டைகளையும் தனித்தனியாக எண்ணி மிகத் தெளிவான வேறுபாடு கிடைத்ததாக அறிவிக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த முடிவை நம்பி அடுத்த குழு தன் ஆண்டுகளைச் செலவிடும். எத்தனை கொடையாளர்கள் என்பதே உண்மையான எண். இந்த அளவுகோலில் திசுவழிக்குத் தெளிவான சாதகம் உண்டு: ஒத்துழைக்கும் மருத்துவமனை ஒன்று இருந்தால் பத்து நோயாளிகளின் ஆர்கனாய்டுகளைச் சில மாதங்களில் சேர்க்கலாம். ஐபிஎஸ் வழியில் ஒவ்வொரு நோயாளிக்கும் செல்லைத் திருப்பவும், வெவ்வேறு நகல்களைச் சோதித்துத் தேரவும் மாதங்கள் தேவைப்படும். அதன் பிறகுதான் உறுப்பை வளர்க்கும் வாரங்களோ மாதங்களோ தொடங்கும்.

அடுத்தது மேட்ரிஜெல். அது ஒரு வகை எலிப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புரதக் கலவை. ஒவ்வொரு தொகுப்பும் சற்றே வேறுபடும். நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், ஆறு மாதம் ஒழுங்காக மொட்டுவிட்ட குடல் ஆர்கனாய்டுகள் ஒரு திங்கட்கிழமை முதல் வழுவழுப்பான உருண்டைகளாகவே நின்றுவிட்டன. வளர்ப்புத் திரவத்தை மாற்றினோம், இன்குபேட்டரைச் சோதித்தோம், செல்களையே சந்தேகித்தோம். கடைசியில் காரணம் புதிதாக வந்த கூழ்த் தொகுப்பு. மூன்று வாரம் வீணானது. அன்றிலிருந்து ஒரு முழுத் திட்டத்துக்குப் போதுமான கூழை ஒரே தொகுப்பு எண்ணில் வாங்கி வைப்பதும், புதிய தொகுப்பைப் பழையதோடு ஒரு வாரம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் எங்கள் வழக்கமாயின. செயற்கைக் கூழ்கள் வந்துகொண்டிருக்கின்றன. வரையறுக்கப்பட்ட வேதியமைப்பு கொண்ட அவற்றுக்கு மாறக் கூடியவர்கள் முதல் நாளிலிருந்தே மாறிவிடுவது நல்லது, ஏனென்றால் நடுவில் மாறினால் முந்தைய தரவோடு ஒப்பிட முடியாது.

உறுப்புச் சில்லு எங்கே பொருந்தும்

திரவ ஓட்டமும் இழுவிசையும் கேள்வியின் மையத்தில் இருந்தால் ஆர்கனாய்டு போதாது. அங்கே பொருந்துவது உறுப்புச் சில்லு, அதாவது நுண்குழாய்கள் கொண்ட சிறு தகட்டில் செல்களை வளர்க்கும் மாதிரி. 2010-இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பெரின் குழு, மூச்சைப்போல விரிந்து சுருங்கும் நுரையீரல் சில்லை உருவாக்கியது. மெல்லிய படலத்தின் ஒரு பக்கம் காற்றுப்பைச் செல்கள், மறுபக்கம் ரத்தக் குழாய்ச் செல்கள், இரு புறமும் நுண்குழாய்களில் ஓட்டம். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில் 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகளைச் சோதித்தபோது, மனிதக் கல்லீரலுக்குக் கேடு தரும் மருந்துகளில் 87 சதவீதத்தை அவை பிடித்தன. பாதுகாப்பான எதையும் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. நச்சுத்தன்மை மட்டுமே உங்கள் கேள்வி, அதுவும் கல்லீரலில் என்றால், நான் ஆர்கனாய்டைவிடச் சில்லையே முதலில் பரிசீலிப்பேன். ஒரே ஒரு பொறி: பல சில்லுகள் செய்யப்படும் சிலிகோன் ரப்பர், கொழுப்பில் கரையும் மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். செல் உண்மையில் சந்தித்த அளவு நீங்கள் ஊற்றிய அளவாக இருக்காது. வெளியேறும் திரவத்தில் மருந்தின் செறிவை அளக்கும் வசதி இல்லாதவர்கள் இந்த வழியில் இறங்கக் கூடாது.

சட்டத்தின் பக்கமிருந்தும் காற்று மாறியிருக்கிறது. மனிதச் சோதனைக்கு முன் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. விலங்குச் சோதனைக்குத் தடை விதிக்கப்படவில்லை என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும். செல்மாதிரித் தரவையும் ஏற்கலாம் என்ற கதவு திறந்திருக்கிறது, அவ்வளவே. முழு உடலின் விடை தேவைப்படும் இடத்தில் எலி இன்னும் சில காலம் இருக்கும்.

என் தேர்வு

குடல், நுரையீரல் குழாய், கல்லீரலின் பித்தநாளம், மார்பகம், கணைய நாளம் போன்று துணுக்கு எடுக்க முடிகிற, எபிதீலியத்தில் தொடங்குகிற நோயானால், திசுவழி ஆர்கனாய்டையே முதலில் எடுங்கள். வளர்ந்தவரின் நோய்க்கு வளர்ந்தவரின் செல். அதற்கு மேல் வாதம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். நோயெதிர்ப்புச் செல்கள் தேவைப்பட்டால் அதே நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்து உடன்வளர்க்கலாம். அதற்காக ஐபிஎஸ் வழிக்கு ஓட வேண்டியதில்லை.

கேள்வி மூளையில், இதயத்தில், விழித்திரையில் இருந்தாலும், பிறப்பதற்கு முன் உறுப்பு உருவாகும்போதே நேரும் பிழையைப் பற்றியதாக இருந்தாலும், ஐபிஎஸ் வழிதான். ஆனால் அதில் இறங்குபவர்கள் முதலாம் ஆண்டில் முடிவுகளை எதிர்பார்க்கக் கூடாது. திருத்தப்பட்ட இணைச் செல்வரிசை இல்லாமல் எந்த ஒப்பீட்டையும் வெளியிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது மூன்று தனித்தனித் தொகுப்பு வளர்ப்புகளில் ஒரே விடை வர வேண்டும். மூளை ஆர்கனாய்டுகளில் ஒரே தட்டின் இரண்டு உருண்டைகளே வெவ்வேறு மூளைப் பகுதிகளாக மாறிவிடுவதுண்டு. ஒரு பகுதியை மட்டும் நோக்கி வழிநடத்தும் முறைகளில் இந்த வேறுபாடு பெரிதும் குறைகிறது என்பதால், குறிப்பிட்ட காரணம் இல்லாவிட்டால் அவற்றையே தேர வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிறவி மரபணு நோய், ஆனால் துணுக்கு எடுக்கக்கூடிய உறுப்பில். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் அப்படிப்பட்டது. இங்கே நோயாளிக்கு எந்த மருந்து என்று கேட்டால் திசுவழி. அந்த மரபணு, உறுப்பு உருவாகும்போது என்ன செய்தது என்று கேட்டால் ஐபிஎஸ் வழி. ஒரே நோய்க்கு இரண்டு விடைகள் இருப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒப்புதல் படிவத்தைக் கொடையாளரோடு உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். அவருடைய செல்கள் அவர் இல்லாத காலத்திலும் வளரும், வேறு நாட்டு ஆய்வகத்துக்குப் போகலாம், மரபணுத் தொடர் முழுவதும் படிக்கப்படலாம், ஒரு நிறுவனம் அதிலிருந்து லாபம் பெறலாம், மூளைத் திசுவானால் விலங்கின் உடலில் பதிக்கப்படலாம். இவற்றில் எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஹென்றியெட்டா லாக்ஸிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. மனம் மாறினால் எப்படி விலகுவது, அப்போது உறைவித்த குப்பிகளை என்ன செய்வது என்பதும் அந்தப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

முதல் துணுக்கு வந்து, முதல் வாரத்தில் உருண்டைகள் திரண்டு, முதன்முறையாகப் பிரித்துப் புதிய கூழில் நடும்போது, அவற்றில் பாதியைச் சோதனைக்கு எடுக்காமல் திரவ நைட்ரஜனில் உறைவித்துவிடுங்கள். குப்பியின் மேல் தேதி, எத்தனையாவது நடவு, கூழின் தொகுப்பு எண் மூன்றையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு குப்பியை உருக்கி, மீண்டும் வளர்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கொடையாளரை அழையுங்கள்.